அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது

மார்ச் 2, ஞாயிறு
பாப்பா அவள் அப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். தலையில் இரட்டைப் பின்னல், ஒரு முடிகூடப் பிசிறவில்லை. யார் கைவேலை என்று கேட்க வேண்டுமா? அவரோடு இப்போது இருக்கிறாளே, அந்தப் பெண்தான். அந்த மனிதருக்குத் தன் சட்டைப் பொத்தானையே நேராகப் போடத் தெரியாது. குளிப்பாட்டுகிறேன் என்று சொல்லி அவிழ்த்துவிட்டேன்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு இப்படியே போறேம்மா" என்று சிணுங்கினாள். எனக்குக் காது கேட்கவில்லை.

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா?

மார்ச் 4, செவ்வாய்
கடையில் ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யும்போது காதில் மாட்டும் கம்பி ஒடிந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பெண்ணின் ஜாடை. வேறென்ன சொல்ல. "கோபத்த வீட்டுல வச்சிட்டு வாங்கம்மா" என்றார் முதலாளி. வீட்டில் வைக்க இடமிருந்தால் வைத்திருக்க மாட்டேனா?

மார்ச் 9, ஞாயிறு
"ஆன்ட்டி கதை படிச்சா சிங்கம் மாதிரியே பேசுவாங்கம்மா." நானும் சிங்கம் மாதிரி படித்தேன். "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் பாப்பா.

மார்ச் 13, வியாழன்
வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். விவாகரத்து எப்படி வேண்டுமானாலும் முடியட்டும்; என் பிள்ளை அங்கே போகும் நாளில் அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

"அடிச்சாளா?"

"இல்ல."

"திட்டினாளா? சோறு போடலியா?"

"நல்லாத்தான் பாத்துக்கறா. அதான் பிரச்சினை."

"பொறாமைக்குச் சட்டத்துல பிரிவு கிடையாதும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விடாப்பிடியாக நின்றதால் அந்தப் பக்கத்துக்குச் சொல்லி அனுப்பச் சம்மதித்தார்.

மார்ச் 20, வியாழன்
ஒத்துக்கொண்டார்கள்! பாப்பா போகும் நாட்களில் அவள் வெளியே போய்விடுவாளாம். பதிலுக்கு, பாப்பா எந்தப் பள்ளியில் படிப்பது, எந்த ஊரில் இருப்பது, எந்த டாக்டரிடம் காட்டுவது, எல்லாம் அவர் முடிவு. பிள்ளை இப்போதைக்கு என்னோடு இருக்கலாம்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. "பேனா குடுங்க" என்றேன்.

வக்கீலம்மா பேனாவைக் கொடுக்கவில்லை. "நாளைக்கே வேற ஊருக்குப் போறேன், ஸ்கூலையும் அங்க மாத்தறேன்னு அவர் சொன்னா உங்களால என்ன பண்ண முடியும்? எதிரிக்குச் சகுனம் கெடணும்னு யாராவது சொந்த மூக்க அறுத்துக்குவாங்களா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியிடம் மூக்கைப் பற்றிப் பாடம்!

ஆனால் அவர் நிறுத்தவில்லை. "அப்பாவப் பாக்கறது அவருக்கு நீங்க போடற பிச்சை இல்லம்மா, பிள்ளையோட உரிமை. அவர் ஷிப்டுக்குப் போயிட்டா, அவளும் இல்லாத வீட்டுல பிள்ளைய யார் பாத்துப்பா?"

எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி
கையெழுத்துப் போடவில்லை. போடும் ஆசை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்
நீதிபதி பாப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரைப் பற்றிச் சொல்கிறாள்? அவளையா, என்னையா?

அவளும் வந்திருந்தாள். "அக்கா, தண்ணி வேணுமா?" அக்காவாம்! எந்த உறவில்? தொண்டை வறண்டு போயிருந்தும் வாங்கவில்லை.

பிறகு என்னை அழைத்து, அவள் வெளியே போக வேண்டும் என்ற அந்த நிபந்தனை வேண்டுமா என்று கேட்டார்கள். "வேண்டாம்" என்றேன். வாய்தான் சொன்னது, வயிறு சொல்லவில்லை.

கடைசியில் நீதிபதி உத்தரவு போட்டார்: பாப்பா என்னோடுதான் இருப்பாள். சனி, ஞாயிறு அப்பா வீடு. பள்ளி, ஊர், வைத்தியம் எதையும் என் சம்மதம் இல்லாமல் அவர் முடிவு செய்யக் கூடாது. அவர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன்? ஆனால் அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள். எல்லாச் சனிக்கிழமையும்.

மே 3, சனி
சாயங்காலம் போன். அவள்தான்.

"அக்கா, பாப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது. அவர் ஷிப்டுல இருக்கார். எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னு நீங்கதானே சொல்லணும்? வந்துடுங்களேன், எனக்குப் பயமா இருக்கு."

செருப்பு மாட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. அவள் பாப்பாவோடு வாசலிலேயே நின்றிருந்தாள்; எங்கள் டாக்டரிடமே இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். இன்று அலைக்கழிக்க வேண்டாம், அப்பா வீட்டிலேயே படுக்கட்டும் என்றார் டாக்டர். அதனால் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் போனேன். சுத்தமாக வைத்திருக்கிறாள், பாவி.

பாப்பா கண்ணைத் திறந்து "அம்மா" என்றாள். என்னைப் பார்த்துத்தான். பிறகு அவள் மடியிலேயே தலையைப் புதைத்துத் தூங்கிவிட்டாள்.

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

அவள் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். பாப்பாவின் கால்களை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.