பானைத் தண்ணீர்

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு உப்பிலி எழுதுவது. மாமல்லபுரத்தில் நான் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? குழந்தைக்கு இருமல் நின்றதா?

சிற்பங்களைப் படமெடுக்கும் வேலை நடக்கிறது. பிலிமை என் அறையிலேயே கழுவுகிறேன். வெள்ளை வெளிச்சம் பிலிமில் படாமலிருக்க விளக்கைச் சுற்றிய சிவப்புத் துணி நைந்துவிட்டது. உன் பழைய அரக்குச் சிவப்புப் புடவையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. துணி இங்கேயும் கிடைக்கும். இருந்தாலும் அனுப்பு.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. வாசல் பெருக்கும் காசியம்மாளின் மகள் ஜெசிந்தா கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறினாள். போகுமுன் அவளைப் படமெடுத்துத் தரச் சொன்னாள் காசியம்மாள். எடுத்தேன். கழுவும் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிமின் பூச்சு உருகிவிடும். என் குடத்துத் தண்ணீரோ வெயிலில் சுட்டுக் கிடந்தது. அதைப் பார்த்துக் காசியம்மாள் தன் வீட்டு மண்பானைத் தண்ணீரைச் சில்லென்று கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றுவிட்டேன். பிலிம் என்ன, அதைக் குடிக்கவா போகிறது? என் கை நீளவில்லை, அவ்வளவுதான்.

சுட்ட தண்ணீரிலேயே கழுவினேன். பிலிமில் ஜெசிந்தாவின் முகம் மெழுகாக வழிந்துவிட்டது. பிலிம் பழசு என்று காசியம்மாளிடம் பொய் சொன்னேன்.

"அத்த வுடுங்க சாமி. இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீறீங்க? ஒரு வாய் தண்ணி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "மறந்துட்டேன். நீங்க குடிக்க மாட்டீங்க."

தபால்காரர் வந்துவிட்டார். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதை விட்டுவிடு. அப்புறமாவது வாங்கிக் குடித்தேனா என்று மட்டும் கேட்டு எழுதாதே.

உப்பிலி