உதட்டு மச்சம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.10.1988

அன்புள்ள அத்தானுக்கு, சீனியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மாமாவும் சுகம். எல்லையில் பனிக்குள் நீங்களும் சுகமென்று நினைத்துக்கொள்கிறேன். நினைப்பதைத் தவிர எனக்கு இங்கே வேறென்ன வேலை.

ஒருவன் என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். கழுத்தை வெறுமையாக விடவில்லை, கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டியிருக்கிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் அறுத்தவன் இவன்தான் என்று, போலீஸ் நிறுத்திய வரிசையில் நின்றவர்களில் ஒருவனைக் கைகாட்டிவிட்டேன். பெயர் கருத்தப்பாண்டி, லோடு ஏற்றுகிறவன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. மிலிட்டரிக்காரன் பெண்டாட்டி என்றால் சும்மாவா என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அடுத்த மாதம் கோர்ட்டில் ஏறி அதையே சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்கு ஜெயில் நிச்சயமாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் வந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நினைத்தேன். அவளோ எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நம் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்கு மச்சம் உதட்டுக்கு மேலயா கீழயாக்கா என்று கேட்டாள். எரிச்சலோடு, மேலே, மீசை ஓரத்தில் என்றேன். படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பொறவு, எங்க வீட்டுக்காரர் முகத்தைச் செத்த நேரந்தானக்கா பாத்திய என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். கீழே இருக்கிறது. தினமும் நான் துடைக்கிற படம்தான். மாமாவிடம் கேட்டேன், பெத்தவனுக்குத் தெரியாதா, கீழேதான் என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கல்யாணமான மாதமே நீங்கள் ரயில் ஏறினீர்கள், இரண்டு வருஷமாக அந்த முகத்தை நினைத்துத்தான் பொழுது போக்குகிறேன். அதுவே எனக்குத் தப்பிவிட்டதே. கண்ணை மூடினால் இப்போதும் மச்சம் மேலேதான் தெரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கருத்தப்பாண்டியின் முகமும் அப்படித்தான் பளிச்சென்று தெரிகிறது.

கூண்டில் ஏறிப் பேச்சை மாற்றிக் குடும்ப மானத்தை வாங்காதே என்கிறார் மாமா. உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். சங்கிலி போனால் போகட்டும்.

மாரியம்மன் உங்களைக் காப்பாள். லீவு கேட்டுப் பாருங்கள் அத்தான். கேசுக்காக இல்லை. வந்தால் என்னோடு பேசக்கூட வேண்டாம், எதிரே உட்கார்ந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
சீனியம்மாள்