கூட்டலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்

நவம்பர் 12, புதன்
காலையிலிருந்து தூறல். பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் காலனி வாசகசாலையில், எல்லோருடைய பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைத்த பெட்டியில் சிவப்பு விளக்கு. நான்கு டிஸ்க்கில் ஒன்று போய்விட்டது. கம்ப்யூட்டர் கடை சதீஷ் வந்து பார்த்தார்.

"ஒண்ணு போனா பரவால்ல சார். மீதி மூணை வெச்சு அதுவே கணக்குப் போட்டு எழுதிக்கும்."

மார்க் பட்டியல் மாதிரி. மூன்று பேர் மார்க், நான்காவது கட்டத்தில் கூட்டுத்தொகை. ஒன்று அழிந்தால் கழித்து எடுத்துவிடலாம்.

மதியம் பக்கத்து வீட்டு மேரி. அவளுக்கு அரசு கொடுத்த மனை உத்தரவின் அசலைக் கறையான் தின்றுவிட்டது. தாலுகா ஆபீஸ் கோப்பிலும் காணோமாம். பெட்டியிலுள்ள படம்தான் மிச்சம். திங்கட்கிழமை விசாரணை.

"யாரோ வந்து என் மனையில கல்லு நட்டுக்கினு இருக்கானுங்க சார். காப்பி எடுத்துக் குடுங்க."

"சனிக்கிழமை தரேன்மா."

நவம்பர் 13, வியாழன்
புது டிஸ்க் போட்டாயிற்று. பெட்டி 31 சதவீதம் எழுதியிருக்கிறது. மாவு புளித்துவிட்டது.

"கூட்டலைப் பிறகு போடச் சொல்லி வெச்சது யாரு சார்?" என்றார் சதீஷ்.

நான்தான். ஸ்கேன் நாளில் வரிசை மழையில் நின்றது. பெட்டி மெதுவாக எழுதியது. வேலை இல்லாதபோது கூட்டிக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். முழுவதையும் கூட்டக்கூட வேண்டாம். தொகையில் பழைய மார்க்கைக் கழித்துப் புதியதைச் சேர்த்தால் போதும். அதற்கும் நான் பொறுக்கவில்லை.

"நடுவுல கரண்ட் போச்சா?"

போனது. போன வாரம், எதிர்வீட்டுச் செல்வியின் பத்திரப் படத்தைத் திருத்திச் சேமித்த உடனே, பெட்டி கூட்டல் போடும் முன்பே. சதீஷ் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி
78. மழை விடவில்லை. தாளில் போட்டுப் பார்த்தேன். 40, 35, 20. தொகை 95. செல்வியின் 35-ஐ 38 ஆக்கினேன். தொகை பழைய 95-தான். இப்போது 20 அழிகிறது. 95-இல் 40, 38 போனால் 17. செல்விக்குச் சேதம் ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாத மூன்றாம் ஆளுக்குத்தான் அடி. அது யார்?

வாசலில் மேரி. "கல்லு வேலியாயிடுச்சு சார். பேப்பர் இருந்தா காட்டுன்னு சிரிக்கிறானுங்க. எங்க சார்கிட்ட பத்திரமா இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 15, சனி
100. நான்கும் பச்சை. 'பிழை இல்லை.' மாத்திரை இன்னும் வாங்கவில்லை. ஒவ்வொரு படமாகத் திறக்கிறேன். செல்வி, சரி. அடுத்து மேரி. மேலே முத்திரை தெளிவு. சர்வே எண் வரியிலிருந்து கீழே வெறும் சாம்பல் பட்டை. சதீஷுக்குப் போன் செய்தேன்.

"இப்ப கூட்டல் சரியாத்தான் வரும் சார். எது பொய்யின்னு பெட்டிக்கே தெரியாது."

வேறு பிரதி? இல்லை.

கேட் சத்தம். மேரி.

"சார், மடங்காம இருக்க பிளாஸ்டிக் கவர் வாங்கிக்கினு வந்திருக்கேன்."