லேத்தில் பறந்த துப்பட்டா

11 பிப்ரவரி 2001
பத்மஜா மேடம் அடுத்த மாத நாவலுக்கு நீலாக்காவின் கதையை எடுத்துக்கொண்டார். சைனிக்புரியில் அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் அக்கா அழுதபடி சொன்ன கதை. பட்டறை முதலாளி மகன் இவளைக் காதலித்தது, விசா வந்ததும் அமெரிக்கா பறந்தது, பிறகு ஒரு போன்கூட இல்லாதது. நாவலில் மட்டும் திரும்பி வந்து தாலி கட்டுவானாம்!

“அழகா முடிக்கப் போறேன்மா, சந்தோஷப்படேன்” என்றாராம். இவளிடம் கேட்டாரா? கர்னல் வீட்டு அம்மா எங்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

13 பிப்ரவரி
அடுத்த மாதம் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாகம்மா எங்கள் ஏரியா, சனத்நகர்தான். மாத நாவல் ஒன்றையும் விடமாட்டார். அக்கா சாப்பிடவில்லை.

18 பிப்ரவரி
மேடம் என்னையே கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குப் பீங்கான் கோப்பை, எனக்கு எவர்சில்வர் டம்ளர்.

“நீ லேத் ஓட்டறவனாச்சே தம்பி. ஹீரோயினை லேத்ல நிக்க வைக்கறேன். தத்ரூபமா இருக்கணும், சொல்லு.”

சொன்னேன். ஓடும் லேத்துக்கு முன்னால் பெண்கள் துப்பட்டாவைப் பறக்கவிட்டு நிற்பார்கள் என்றேன். கண்ணாடி வளையலால் தட்டியே அளவு சொல்வார்கள் என்றேன். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைத் தலையில் சூடுவார்கள் என்றேன். “அடடா!” என்று எழுதிக்கொண்டார்.

சுழலும் லேத்தில் துப்பட்டா மாட்டினால் கழுத்தையும் சேர்த்து இழுத்துவிடும். எழுதட்டும். காதல் காட்சியில் எங்கள் ஏரியாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கட்டும். அந்த அம்மாவுக்கு அது வேண்டும்.

19 பிப்ரவரி
வேலை நேரம் முழுக்க விசிலடித்தேன். போர்மேன் முறைத்தார்.

14 மார்ச்
நாவல் வந்துவிட்டது. டிபன் நேரத்தில் பட்டறைத் தோழன் தியாகு சத்தமாகப் படித்தான். “டேய், துப்பட்டா பறக்குதுடா! அடுத்த பக்கம் சாவுதான்!” ஹீரோ கண் கலங்கும் இடத்தில் ஒருவனுக்குப் புரையேறியது.

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது – இவர்கள் சிரிப்பது அக்காவின் கதையைப் பார்த்து அல்லவா? ஏன் இது எனக்குத் தோன்றவே இல்லை?

18 மார்ச்
பெண் பார்க்க வந்தார்கள். நாகம்மாவே பேச்சை எடுத்தார்.

“இந்த மாச நாவல் நீலா கதைதான்னு நாலு பேரு சொன்னாளுங்க. வாங்கிப் படிச்சேன். இரும்புச் சீவலை எவளாவது தலையில சூடுவாளா? ரத்தம் கொட்டாது? அந்தம்மா பட்டறை வாசலைக்கூட மிதிச்சதில்ல. இதுல நம்ம பொண்ணு எங்க வந்தா? இனிமே அவ நாவலே வேணாம், நக்கோப்பா!”

அக்கா சிரித்துவிட்டாள். பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

25 மார்ச்
மேடத்துக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் குவிகிறதாம். எல்லோருக்கும் அந்தத் துப்பட்டாதான் பிடித்ததாம். பாழாய்ப் போக!

26 மார்ச்
அக்கா நாவலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். “துப்பட்டா, வளையல் எல்லாம் உன் வேலைதானே?” தலையாட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

“அவன் திரும்பி வர்றதையும் நீதான் சொன்னியாடா?”

“நான் இல்லக்கா.”

மேடம் எழுதிய அந்தப் பொய்க்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

6 மே
பழைய பேப்பர் கட்டில் அந்த நாவல் கிடக்கிறது. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அது அக்காவின் கல்யாணப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில். பார்க்காதவன் மாதிரி மூடிவிட்டேன்.