பெட்டியில் தொங்கும் சிவப்புப் பூட்டு

என் செல்ல மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் வழக்கம், நான் இன்றைக்கு அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். காலையிலிருந்து உனக்கு எத்தனை முறை போன் போட்டேன் என்று எனக்கே தெரியாது. தொழிற்சாலைக்குள் போகும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முடித்ததும் உன் அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். போனில் சொன்னால் நீ "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் இரண்டாம் முறை படிக்கலாம், தயவுசெய்து படி.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, அவள் வாய்க்கு எந்த வலியும் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மாடி வீட்டு டீச்சர் தினமும் உன்னை விசாரிக்கிறார். கடையில் இன்றைக்கு வக்கீலின் சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், பிரித்துப் போட்டுவிட்டு அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ விமானம் ஏறியதிலிருந்தே எனக்குப் பயம்தான் என்பதை மறைக்க என்ன இருக்கிறது. அந்த ஊர்க் குளிருக்குப் பயந்தேன், நீ ரோட்டைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பாய் என்று பயந்தேன். வேலையை நினைத்து மட்டும் பயப்படவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பயிற்சி, பிஸ்கட்டில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது, மிஞ்சிப் போனால் சர்க்கரை ஏறும் என்று அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

நேற்று வீடியோவில் பேசும்போது கம்பெனியில் ஒரு பூட்டு கொடுத்தார்கள் என்று ஆசையாகக் காட்டினாயே, சிவப்புப் பூட்டு, உன் பெயர் எழுதி ஒட்டியது, அதைப் பெட்டிக்குப் போட்டுவிட்டேன், அம்மாவின் சங்கிலியும் பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருக்கிறது என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் பெற்ற பெண் வேறு எப்படி இருப்பாள்? உன்னையும் இழுத்துக் காட்டச் சொன்னேன், நீயும் இழுத்துக் காட்டினாய். மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டதற்கு ஒரே சாவிதான் என்றாய், ஒரே சாவியா, அது என்ன பூட்டு என்று கம்பெனியையே திட்டினேன். நம் வீட்டுச் சாவி டீச்சரிடம் இருப்பதுபோல நீயும் அதை அறைத் தோழியிடம் கொடுத்து வை என்று வேறு சொன்னேன். சூப்பர்வைசர் அந்தப் பூட்டைப் பற்றி என்னவோ வேகமாகச் சொன்னார், பாதி புரியவில்லை, திரும்பக் கேட்டால் கேவலமாக நினைப்பார்கள் என்று தலையை ஆட்டிவிட்டேன் என்று நீ சொன்னபோது நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

இன்று காலை உன் மாமா வந்தார். மில்லில் எலக்ட்ரீஷியனாக இத்தனை வருஷம் இருக்கிறாரே, அவரிடம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். குடிக்கப் போன டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு, "சிவப்புப் பூட்டா மச்சான்? பேர் ஒட்டினதா? அது பெட்டிக்குப் போடறதுக்குக் குடுத்தது இல்ல" என்றார். பெரிய மெஷினைக் கழுவவோ பழுது பார்க்கவோ ஆள் உள்ளே இறங்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டை அந்த சுவிட்சில் மாட்டிப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டுமாம். உள்ளே நீ இருக்கிறவரை வெளியே இருக்கிற யாரும் தெரியாமல்கூட சுவிட்சைப் போட முடியாது. அதற்காகத்தான் ஒரே சாவி, அதற்காகத்தான் உன் பெயர். அவர் முதலில் இருந்த மில்லில் பூட்டெல்லாம் கிடையாதாம், சுவிட்ச் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவார்களாம், ஒரு நாள் அந்த ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

மாவு பிசைகிற அந்த மெஷினையும் நீதான் எனக்குப் போட்டோவில் காட்டினாய். உள்ளே நம் வீட்டுக் கதவு உயரத்துக்கு இரும்புக் கைகள். இந்த வாரத்தில் ஒரு நாள் என்னையும் உள்ளே இறக்கிக் காட்டுவார்கள் அப்பா என்று குதித்தாய். இந்த வாரத்தில் எந்த நாள் என்று நான் கேட்கவில்லையே அம்மா. இன்றைக்கா? இங்கே விடிந்தால் அங்கே என்ன நேரம் என்று இன்னமும் எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை, நீ இறங்கிவிட்டாயா, இனிமேல்தான் இறங்குவாயா, ஒன்றும் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூட்டு இல்லாமல் உன்னை விட மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்கிறார் மாமா. ஆனால் பூட்டு போட்டாச்சா என்று அவர்கள் கேட்பார்கள், நீ என்ன செய்வாய்? புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டுவாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் பார்க்கிற தலையாட்டல் அது.

அதனால் கேள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். அந்த ஊர் மொழியில் முதலில் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள், நன்றி வணக்கமெல்லாம் மெதுவாக வரட்டும். பூட்டைப் பெட்டிக்குப் போட்டிருந்தேன் என்று சூப்பர்வைசரிடம் நீயாகவே போய்ச் சொல், சிரித்தால் சிரிக்கட்டும், நன்றாகச் சிரித்துவிட்டு முதலிலிருந்து திரும்பச் சொல்லித் தரட்டும். தோழியிடம் சாவியைக் கொடுத்திருந்தால் இப்போதே வாங்கிவிடு. அந்தச் சாவி உன் பையில்தான் இருக்க வேண்டும், கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் குளிரில் போகாதே.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கை கால் எல்லாம் முழுசாக இருக்க வேண்டும், உன் அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். போனைக் கையில் எடுத்ததும் முதலில் ஒரு வார்த்தை பேசு, அதற்குப் பிறகு இதைப் படித்தால் போதும். படித்ததும் பெட்டியிலிருந்து அந்தப் பூட்டைக் கழற்றி நாளைக்கு எடுத்துப் போகிற பையில் போடு. பெட்டிக்கு வேறு பூட்டு வாங்கு என்று எழுத வந்தேன், அதற்காக நீ தெரியாத தெருவில் கடை தேடி அலைய வேண்டாம். சங்கிலி போனால் போகட்டும். உன் அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய், பெட்டி திறந்தே கிடக்கட்டும் அம்மா.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா