பொட்டு வைத்த வெள்ளைக்காரர்

லண்டன், 15.10.1987

தாட்சாயிணிக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? என் குறைகள் இவை:

1. 1.10.87: நான் ஆராயும் ஆங்கிலேய நடிகரின் ஒரே புகைப்படத்தை, அம்பத்தூர் வீட்டு மேசையிலிருந்து எடுத்து, ஆயுத பூஜையில் வைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறாய்.

2. 5.10.87: உன் தம்பி லோகநாதன் அதைப் பெருமையாக எழுதுகிறான்: “மாமா, நமக்குச் சோறு போடுற ஆயுதமே உங்க வெள்ளைக்காரருதானே!”

மௌனப்பட நாட்களில், நாற்பது படங்களிலும் கதவு திறந்துவிடும் பணியாளாகவே நடித்து ஓய்ந்தவர் அவர். முகம் முழுதாகத் தெரிவது அந்தப் புகைப்படத்தில் மட்டுமே. துடைக்காதே, முகமும் சேர்ந்து போய்விடும். அப்படியே அனுப்பு. சுண்டைக்காய் வற்றலும் கொஞ்சம் வை.

மூன்று மாதங்களாக லோகநாதனே எழுதுகிறான். நவம்பர் பத்தாம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும், உன் கையெழுத்தில்.

வீரராகவன்