கூரைமேல் ஏறிய ஆள்

யூமா, அரிசோனா
நவம்பர் 9

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே டுலூத்தில் பனி கொட்டுகிறதாமே, டெலிவிஷனில் சொன்னார்கள். இங்கே பகலில் இன்னும் கையில்லாச் சட்டைதான். குளிருக்குப் பயந்த கூட்டம் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. பக்கத்து இடத்தில் வழக்கம்போல என் சிநேகிதி டெல்மாவின் வீட்டு வண்டி.

போனில் சொன்னால் நீ நம்புவதில்லை, அதனால்தான் கடிதம். "அப்பா என்கிட்ட நல்லாத்தாம்மா பேசுறார், நீதான் எல்லாத்தையும் பெருசாக்குற" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. பேசுவார், ஏன் பேசமாட்டார்? பத்து நிமிஷம் பேச அவரிடம் பழைய கதை நிறைய இருக்கிறது. போனை வைத்ததும், யார் பேசினது என்று என்னைக் கேட்கிறார்.

நாங்கள் குடியிருக்கும் இந்தப் பழைய வண்டி இன்னும் ஒழுகாமல் இருப்பது அவரால்தான். இலையுதிர்காலம் வந்தால் ரப்பர் கூரையில் ஏறி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மூட்டுகளிலும் துவாரங்களின் ஓரத்திலும் பசை வைப்பார். பெட்ரோல் கலந்த எதையும் கிட்டே விடமாட்டார், ரப்பர் உப்பிப்போகுமாம். இந்த முறையும் வந்தவுடனே செய்தார், ஒரு குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில், "லோயிஸ், கூரையை இன்னும் பார்க்கவே இல்லையே" என்று மறுபடி ஏறினார். அதற்கு மறுநாளும் ஏறினார். செய்தாயிற்று என்றால், "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று எரிந்து விழுகிறார். மார்னி, உன் அப்பா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

பசைக் குழாய்களை ஒளித்துவைத்தேன். டெல்மாவிடம் சிரித்துப் பேசி வேறு குழாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? "உன் புருஷன் மாதிரி ஒருத்தன் கிடைச்சிருந்தா நான் ஏன்டி மூணு பேரைக் கட்டப்போறேன்" என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை காபி போட்டுக்கொண்டிருந்தேன். தலை கனத்தது. திடீரென்று விஷவாயு அலாரம் அலறியது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். டெல்மாதான் வந்து கேஸை மூடினாள். நம் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிறது இல்லையா, அதன் புகை வெளியேறும் கூரைத் துவாரத்தை உன் அப்பா சுற்றிலும் நாடா ஒட்டி, மேலே பசையும் வைத்து அடைத்திருக்கிறார்.

அதைக் கண்டுபிடித்ததும் அவரேதான். மேலே ஏறி, கத்தியால் அறுத்துப் பிய்த்துக்கொண்டே கத்தினார், "எந்த மடையன்டா இங்க ஏறினது? ராத்திரி தூங்கும்போது இது நடந்திருந்தா என் பொண்டாட்டி செத்திருப்பாளேடா!" என்று. கீழே இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவனைப் பிடிக்காமல் விடமாட்டேன் என்றார். டெல்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து நாற்காலியை ஏணிக்கு அடியில் போட்டுக் காவல் இருக்கிறார். சாப்பாடும் அங்கேதான். நாய் கூட்டிப்போகிறவர்களை எல்லாம் முறைக்கிறார். ஏறாமல் இருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் எத்தனை நாளைக்கு?

என்னால் தனியாக முடியவில்லை, மார்னி. வண்டியை விற்க வேண்டும். அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஏன் என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இன்னும் நம்பிக்கை வராவிட்டால் நீயே ஏறிக் கூரையைப் பார், பசை கட்டி கட்டியாகக் கிடக்கிறது.

நேற்று, "அந்த ஆளை நேர்ல பார்த்தா உனக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது யார் என்று அவருக்குப் பிடிபடும் முன்னே வந்துவிடு, கண்ணே.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் சுகமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
லோயிஸ்